வெள்ளைக் கவுன்

பாஞ்சாலைக்கு ஊசி பிடிக்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அவள் அம்மா தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் துணி துவைத்தவள். வெள்ளைக்காரத் துரை ஊருக்குத் திரும்பியபோது, அவர் மனைவி ஒரு பெட்டி நிறையப் பழைய கவுன்களை அம்மாவின் தலையில் கட்டிவிட்டுப் போனாள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கவுன் போட்டுக்கொண்டு யார் கொழுந்து கிள்ளுவது? எட்டு வயதுப் பாஞ்சாலைதான் ஒவ்வொன்றாகத் தையலைப் பிரித்தாள், திரும்பத் தைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழமாட்டாள். இறுக்கிய இடுப்பும் குடை மாதிரி விரியும் கீழ்ப்பகுதியுமாக அந்தக் காலத்து வெட்டு அவள் கைக்குப் பழகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் அந்தப் பழைய வெட்டுக்குத் திடீரென்று மவுசு வந்தது. பக்கத்து மலை டவுனான பிரிஞ்சாங்கில் துணிக்கடை வைத்திருந்த சீன அம்மா, பாஞ்சாலை தைத்த இரண்டு கவுன்களைக் கடை வாசலில் தொங்கவிட்டாள். குளிருக்கு மலையேறி வந்த கோலாலம்பூர்ப் பெண்கள் அன்றைக்கே வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஈப்போவிலிருந்து ஒரு கிறிஸ்தவப் பெண் வந்தாள். அவள் அம்மா கல்யாணத்தில் போட்டிருந்ததைப் போலவே வெள்ளைக் கவுன் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இதைச் சரியாகச் செய்துகொடுத்தால் கடையின் முன்பக்கம் உனக்கு, உன் பெயரிலேயே போர்டு மாட்டிக்கொள் என்றாள் சீன அம்மா. பாஞ்சாலைக்கு அன்று தூக்கமே வரவில்லை.

வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. புருஷன் நாகப்பன் தேயிலைச் செடியின் கிளை கழித்துக் கவ்வாத்து வெட்டுபவன். செடியை வெட்டிய கை வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்காது. தையல் மிஷினை இரண்டு தடவை வாசலில் தூக்கி எறிந்திருக்கிறான். மாமியார் காளியம்மா மகனுக்குத் தூபம் போடும் ரகம். இந்த லட்சணத்தில் வெள்ளைத் துணி வேறா? புருஷன் இருக்கிற வீட்டில் அது பிணத்தைக் கொண்டுவந்து வைத்ததற்குச் சமம். பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துத்தான் தைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் எல்லாம் முடிந்து கீழ்விளிம்பு மட்டும் பாக்கி. குடைவெட்டுத் துணியை ஒரு உடம்பில் தொங்கவிட்டுப் பார்த்தால்தான் விளிம்பு சமமாக வரும். லயத்தில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் மலையில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். துணியில் மாட்டும் என்று வளையலைக் கழற்றினாள். தாலிக்கயிற்று மஞ்சள் ஒட்டும் என்று அதையும் கழற்றி ஆணியில் மாட்டினாள். கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். அழகாக இருந்தது. வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. காலையில் கத்தி தவறி முழங்காலுக்குக் கீழே ஆழமாக வெட்டிக்கொண்ட நாகப்பன், கால்கட்டோடு அம்மா தோளைப் பிடித்தபடி நின்றான். எதிரே பெண்டாட்டி, வெள்ளை உடுத்தி, கழுத்தும் கையும் மூளியாக.

"அடிப்பாவி! எம்புள்ள கால்ல ரத்தம் இன்னும் நிக்கல, அதுக்குள்ளயா?" என்று காளியம்மா மாரில் அடித்துக்கொண்டாள்.

"இல்லத்தே, இது ஒரு கிறிஸ்தவப் பொண்ணோட கல்யாண உடுப்பு. விளிம்பு பாக்கத்தான் போட்டேன் லா."

"கல்யாணத்துக்கு எவடீ வெள்ள உடுத்துவா? தாலி எங்கடீ?"

"மஞ்ச ஒட்டிக்கும்னு ஆணியில..."

உண்மையைத்தான் சொன்னாள். கேட்கத்தான் பொய்யை விட மோசமாக இருந்தது. நாகப்பன் குத்திய குத்தில் உதடு கிழிந்தது.

"நான் செத்துட்டனாடீ? கழட்டுடீ! இங்கயே கொளுத்தணும்!"

கழற்றிக் கொடுத்திருந்தால் இன்னும் நாலு அடியோடு முடிந்திருக்கும். எத்தனையோ தடவை அப்படித்தான் முடிந்தது. இந்தத் தடவை அவளுக்கு மனசு வரவில்லை.

"கழட்ட மாட்டேன்."

இடுப்பில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியை உருவி வீசினான். கவுனின் கையும் அவள் தோள் சதையும் சேர்ந்து பிளந்தன. வெள்ளையில் ரத்தம் பரவியதைப் பார்த்தபோது அவளுக்கு வலி தெரியவில்லை, தையல் கெட்டதே என்று வெறிதான் வந்தது. விளிம்பு தேய்க்கக் கரி போட்டு அனலோடு வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவன் மணிக்கட்டில் அடித்தாள். எலும்பு முறிந்தது. கத்தி விழுந்தது. அடுத்த அடி தாடையில். நாகப்பன் சுருண்டு விழுந்தான். பெட்டி வாய் திறந்து கரி சிதறியது. அதே நேரம் காளியம்மா அடுப்படி மண்ணெண்ணெய் போத்தலை அவள்மேல் வீசினாள். பாதி கவுனில், பாதி தரையில்.

தரையில் தீ குப்பென்று பிடித்தது. பலகை வீடு, பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெண்கள் இருவரும் வெளியே பாய்ந்தார்கள்.

"ஐயோ, எம்புள்ள உள்ள கெடக்கான்! தூக்குடீ!" என்று காளியம்மா அலறினாள்.

கிடக்கட்டும் என்றது பாஞ்சாலையின் மனசு. கூசாமல் சொன்னது. கவுனோடு இப்படியே நடந்தால் சாயங்காலம் பிரிஞ்சாங். உள்ளே போவதென்றால், மண்ணெண்ணெயில் நனைந்த இந்தத் துணியோடு போக முடியாது. உள்ளேயிருந்து நாகப்பன் கத்தினான். மனுஷன் கத்துகிற மாதிரி இல்லை. அவள் கவுனைக் கழற்றி வேலிமேல் போட்டுவிட்டு, ரவிக்கையும் உள்பாவாடையுமாகத் தீக்குள் நுழைந்தாள்.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து அவனை வாசலில் போட்டாள். அவள் முடி பாதி கருகியிருந்தது. வேலியைப் பார்த்தாள். கவுன் அங்கே இல்லை.

அது தீயில் எரிந்துகொண்டிருந்தது. காளியம்மா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வெள்ள எரிஞ்சாத்தான் எம்புள்ள தங்குவான்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அன்றுதான் மாமியாரை அறைந்தாள். கிழவி உட்கார்ந்துவிட்டாள். பாஞ்சாலைக்குக் கை எரிந்தது, மனசு குளிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த சாரோங்கை எடுத்துச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, பிரிஞ்சாங் போகிற லாரியை நிறுத்தி ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குத் தையல் போட்டுக்கொண்ட கையோடு சீன அம்மாவின் கடை மிஷினில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை மாலை புதுக் கவுன் ஈப்போவுக்குப் போனது. அடுத்த மாதம் கடை முன்பக்கம் போர்டு ஏறியது. பாஞ்சாலை தையலகம். கோலாலம்பூரிலிருந்து ஆள் தேடி வர ஆரம்பித்தது.

ஒருநாள் நாகப்பன் வந்தான், கோணிய தாடையோடு, விரல் மடங்காத வலது கையோடு.

"நடந்தது நடந்துபோச்சு. வீட்டுக்கு வா, பாஞ்சால. அம்மா அன்னைக்குத் தப்பா நெனச்சிருச்சு."

அவள் துணி வெட்டுவதை நிறுத்தவில்லை.

"ஒங்கம்மா நெனச்சது அன்னைக்குத்தான்டா தப்பு. அது எவளோ ஒருத்தி கல்யாணத்துக்குத் தச்சது. இன்னொரு வாட்டி இந்தப் படி ஏறுன, எனக்கே வெள்ளையில ஒண்ணு தச்சுப் போட்டுக்குவேன்."

நாகப்பன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு படியிறங்கிப் போனான்.