அக்காவின் பெயரில் கொடுத்த இரத்தம்

பிரியங்கினிக்குச் சொரியாசிஸ் தொடங்கியபோது வயது இருபத்தொன்று. முதலில் இரண்டு முழங்கைகளிலும் சிவந்த வட்டங்கள், அவற்றின்மேல் வெள்ளைச் செதில். முப்பத்திரண்டாவது வயதில் முகத்தைத் தவிர உடம்பில் நல்ல தோல் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. பூசு மருந்துகள் பூசினாள். வாரத்துக்கொரு தடவை விழுங்கும் குளிசை ஈரலைப் பாதித்ததால் அதை நிறுத்தினார்கள். தொற்றாத நோய் என்று டொக்டர் கடிதம் கொடுத்திருந்தும், பிள்ளைகளின் பெற்றோர் நான்கு பேர் முறையிட்டதும் அவளுடைய முன்பள்ளி ஆசிரியை வேலை போனது.

திருகோணமலை லிங்கநகரில் ஒரு வாடகை வீட்டில் அவளும் தங்கை கீர்த்தனியும் இருந்தார்கள். கீர்த்தனி மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் அக்காவின் படுக்கை விரிப்பை வளவுக்குக் கொண்டுபோய்ச் செதில் போக உதறுவாள். அக்கா பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் உதறுவாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியங்கினியைக் காணவில்லை. கீர்த்தனி தேடிப் போனபோது அவள் கடற்கரையில் முழங்காலளவு தண்ணீரில் குந்தியிருந்து, ஈரமணலை அள்ளி அள்ளிக் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டைக் கை முழுக்க இரத்தம். கீர்த்தனி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு."

"என்னக்கா செய்யிறாய்?"

"உரிச்சுப் போடவேணும்போல இருந்தது. இனி என்னால ஏலாது, கீர்த்தி."

குரலில் அழுகை இல்லை. கீர்த்தனியைப் பயப்படுத்தியது அதுதான். அன்றிலிருந்து அவள் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் கத்தியையும் அலுவலகப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அடுத்த வாரம் தோல் கிளினிக்கில் டொக்டர் அஸ்மியா ஒரு ஆய்வைப் பற்றிச் சொன்னார். கொழும்பிலிருந்து நடத்தும் ஆய்வு. திருகோணமலையில் இருபது பேரைச் சேர்க்கிறார்கள், பதினேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது. நாலு மாதம் முடிந்ததும் எல்லாருக்கும் மருந்தே கிடைக்கும்.

"உடம்பின்ட எதிர்ப்புச் சக்தி அளவுக்கு மிஞ்சி வேலை செய்யிறதாலதான் இந்த வருத்தம்," என்றார் அஸ்மியா. "இந்த ஊசி அதைக் குறைக்கும். ஆனா உள்ளுக்குக் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருந்தா அது எழும்பிவிடும். அதால முதலில ஒரு ரத்தப் பரிசோதனை. கிருமி இருக்கெண்டா, அதுக்குக் குளிசை குடிச்சு முடிக்க மாதக்கணக்காகும். அதுக்குள்ள ஆய்வில ஆள் சேர்க்கிறது முடிஞ்சிரும். உங்கட வீட்டில ஆருக்கும் காசநோய் இருந்ததா?"

"இல்லை, டொக்டர்," என்றாள் பிரியங்கினி.

கீர்த்தனி நிலத்தைப் பார்த்தாள்.

அவர்களுடைய ஊர் சம்பூர். இரண்டாயிரத்து ஆறில் சண்டை வந்து ஊரோடு எழும்பி ஓடி, கடைசியில் தகரக் கொட்டில் முகாமில் வந்து நின்றார்கள். அங்கேதான் அப்பா யோகலிங்கத்துக்குக் காசநோய் வந்தது. கீர்த்தனியைப் பட்டணத்தில் பிள்ளைகள் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அப்பாவோடு அந்தக் கொட்டிலில் இருந்து, அவர் துப்பும் சிரட்டையைக் கழுவி, பதினாறு மாதம் பார்த்தவள் பிரியங்கினி.

கிளினிக் வாசலில், வேப்பமர நிழலில் நின்றபடி பிரியங்கினி இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்த துண்டை மடித்தாள்.

"எனக்குக் கிருமி இருக்கும். எனக்குத் தெரியும்."

"இருக்காமலும் போகலாம்."

"இருந்தா? இந்த ஒரு வழியும் இல்லையெண்டா நான் இருக்கமாட்டன். உன்னைப் பயப்படுத்தச் சொல்லேல்ல. உள்ளதைச் சொல்லுறன்."

இரத்தம் எடுக்கும் இடம் கடைத்தெருவில் ஒரு தனியார் ஆய்வுகூடம். மறுநாள் காலை, அக்கா தந்த துண்டைக் கீர்த்தனி தனியாகக் கொண்டுபோய் நீட்டினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பிள்ளை தலை நிமிராமல் கேட்டது: "பிரியங்கினி யோகலிங்கம்?"

"ஓம்," என்றாள் கீர்த்தனி. கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை நரம்பைத் தேடியபோது, செதிலில்லாத சுத்தமான தன் தோலைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. அடையாள அட்டையை யாரும் கேட்கவில்லை.

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. பிரியங்கினியின் நெஞ்சு எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. பத்தொன்பதாவது ஆளாக அவளைச் சேர்த்தார்கள்.

முதல் ஊசி போட்டு மூன்று வாரத்தில், ஓயாமல் சொறியவைத்த கடி நின்றது. ஐந்தாவது வாரம் முதுகில் செதில் உதிர்ந்த இடங்கள் ரோஜா நிறமாகத் தெரிந்தன. அஸ்மியா ஒவ்வொரு தடவையும் அளவு எடுப்பார், படம் பிடிப்பார், எழுதுவார். முகத்தில் ஒன்றும் காட்டமாட்டார். ஆனால் பத்தாவது வாரம் பிரியங்கினியின் முதுகைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி, இன்னொரு தடவை பார்த்தார்.

அந்த நாட்களில் பிரியங்கினி செய்ததெல்லாம் சின்னச் சின்னக் காரியங்கள். குட்டைக் கைச் சட்டை தைப்பித்தாள். கண்ணாடி வளையல் வாங்கினாள். ஒருநாள் பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒரு பெண் வந்து இருந்து, குழந்தையைக் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பிரியங்கினி வீட்டுக்கு வந்து அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "என்ட மடியில, கீர்த்தி. ஒண்டும் கேக்காமல் தந்தவா." கீர்த்தனி சிரித்துக்கொண்டு குசினிக்குள் போய், அடுப்புக்கு முன்னால் நின்று அழுதாள்.

பதின்மூன்றாவது வாரம் அக்காவின் தோள் எலும்பு சட்டைக்கு மேலால் துருத்துவதைக் கீர்த்தனி கண்டாள். பின்னேரங்களில் அக்காவின் கை சுட்டது. இருமல் வந்தபோதெல்லாம் பிரியங்கினி கிணற்றடிக்குப் போனாள். கிளினிக் நாளில் நிறை குறைந்தது தெரியாமலிருக்க, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத் தராசில் ஏறினாள். காய்ச்சல் இருக்கா என்று டொக்டர் கேட்டார். இல்லை என்றாள். இருமல்? இல்லை.

"அக்கா, சொல்லுவம்."

"சொன்னா ஊசியை நிப்பாட்டுவினம்."

"உனக்கு அது வந்திட்டுது. உனக்கே விளங்குதுதானே."

"நாலு மாதம் முடியட்டும். இன்னும் ரெண்டு ஊசி." பிரியங்கினி தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பதினொரு வருசத்தில இந்த மூண்டு மாதம்தான் நான் ஆளா இருந்தனான். என்னைத் திருப்பி அதுக்குள்ள தள்ளாத."

கீர்த்தனி சொல்லவில்லை. ஒரு நாள் பொறுத்தாள். பிறகு இன்னொரு நாள். காய்ச்சலுக்குப் பனடோல் வாங்கிக் கொடுத்தாள், முட்டை அவித்துக் கொடுத்தாள். அலுவலகத்தில் கடிதங்களைப் பிழையாகக் கோவைப்படுத்தினாள். பன்னிரண்டாம் நாள் காலை பிரியங்கினியால் கட்டிலிலிருந்து குசினி வரைக்கும் நடக்க முடியவில்லை. பாதி வழியில் கதிரையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு எடுக்கத் தெரியாதவள்போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். கீர்த்தனி அவளை ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

நோயாளர் விடுதியில் சேர்த்துவிட்டு, நேரே தோல் கிளினிக்குக்குப் போனாள். வரிசையில் நிற்காமல் அறைக்குள் புகுந்தாள். அஸ்மியா நிமிர்ந்தார்.

"அந்த ரத்தம் என்ட, டொக்டர்."

"எந்த ரத்தம்?"

"அக்காவின்ட பேரில குடுத்தது. நான்தான் போய்க் குடுத்தனான். அப்பாவுக்குக் காசநோய் இருந்தது. அக்காதான் பார்த்தவா. இப்ப மூச்சு எடுக்க ஏலாமல் விடுதியில கிடக்கிறா."

அஸ்மியா எழும்பிக் கதவைச் சாத்தினார். இருமல் எப்போது தொடங்கியது, காய்ச்சல் எத்தனை நாளாக, சளியில் இரத்தம் வந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். ஒரு சொல்லை வெட்டித் திரும்ப எழுதினார். பிறகு விடுதி டொக்டருக்கும் கொழும்புக்கும் தொலைபேசியில் பேசினார். பிரியங்கினியின் இலக்கத்தைச் சொல்லி, அவளுக்குப் போட்டது எது என்று கேட்டார். மருந்துதான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"பதினொரு நாளைக்கு முதல்."

அஸ்மியா கண்களை மூடினார். "ஒரு நாளும் பிந்தாமல் வந்திருக்கோணும் தங்கச்சி நீங்க," என்றார். கொஞ்சம் கழித்து, "ரத்தம் எடுக்கிற இடத்தில அடையாள அட்டை பாக்கோணும் எண்டு நான் எழுதிக் குடுக்கேல்ல. அது என்ட பிழை. அதையும் எழுதத்தான் வேணும்," என்றார்.

வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. ஊசியால் குத்தி ஒரு லீற்றருக்கு மேல் எடுத்தார்கள். காசநோய் என்று உறுதியானதும் நான்கு மருந்துகள் தொடங்கினார்கள். ஆய்வு ஊசி அன்றோடு நின்றது. ஒன்பது நாள் பிரியங்கினி பிழைப்பாளா என்று ஒருவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. கீர்த்தனி விடுதிக்கு வெளியே, வாங்குப் பலகையில் மரக்குற்றி மாதிரி இருந்தாள். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அன்று உள்ளே விட்டபோது பிரியங்கினி தங்கையைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விசயம் அவளோடு முடியவில்லை. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இருபது பேருக்கும் இரத்தத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்வரை திருகோணமலையில் ஊசியை நிறுத்தினார்கள். ஐந்து வாரம் யாருக்கும் ஊசி இல்லை. எழுத்தில் வாக்குமூலம் கொடுக்கக் கீர்த்தனி கிளினிக்குக்குப் போன நாளில், வெளிவாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இலங்கைத்துறையிலிருந்து வந்த காசிநாதர் என்ற மீனவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். விரல்கள் வெடித்து, வலைக்கயிறு பிடிக்க முடியாதபடி மடங்கியிருந்தன.

"நீர் ஆருக்காக வந்தனீர் பிள்ளை?"

"அக்காவுக்கு."

"எனக்குக் கை நல்லா வந்திட்டுது. ரெண்டு மாதம் கடலுக்குப் போனனான். இப்ப ஊசி நிண்டு மூண்டு கிழமை, பாரும்." கையைத் திருப்பிக் காட்டினார். "ஆரோ பொய் ரத்தம் குடுத்ததாம். அவையளுக்கு என்ன கஷ்டமோ தெரியாது. ஆனா எனக்கு மூண்டு பொம்பிளப் பிள்ளையள்."

அது தான்தான் என்று சொல்லக் கீர்த்தனிக்கு வாய் வந்தது. அவருடைய விரல்களைப் பார்த்தாள். பெயர் கூப்பிட்டதும் எழும்பி உள்ளே போனாள். திரும்பி வந்தபோது வாங்கு வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு அவரை அவள் எங்கும் காணவில்லை. ஊசி திரும்பத் தொடங்கியதும் அவர் வந்தாரா என்று அஸ்மியாவிடம் கேட்கவும் துணிவு வரவில்லை.

பிரியங்கினி வீடு வந்தபோது காதுக்குப் பின்னால் செதில் தொடங்கிவிட்டது. பிறகு முழங்கைகள், முதுகு, தொடைகள். காசநோய்க் குளிசை ஈரலுக்குப் பாரம் என்பதால் வேறு வலுவான மருந்து எதுவும் கொடுக்க முடியாது, ஆறு மாதமும் பூசு மருந்துதான் என்று அஸ்மியா சொன்னார். குட்டைக் கைச் சட்டைகளைப் பிரியங்கினி ஒரு பையில் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டாள். தங்கையோடு சாப்பாட்டைப் பற்றியும் குளிசையைப் பற்றியும் மட்டும் கதைத்தாள்.

நாலாம் மாதம் அஸ்மியா ஒரு படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். நடந்ததை மருத்துவ இதழொன்றில் எழுத விரும்புவதாகவும், பெயரும் முகமும் வராது என்றும், விருப்பமில்லையென்றால் எழுதுவதில்லை என்றும் சொன்னார். "இனி இப்பிடியான ஆய்வு நடத்துறவங்க கவனமா இருக்கத்தான்."

பிரியங்கினி படிவத்தைக் கனநேரம் வைத்திருந்தாள்.

"என்னத்தை எழுதுவீங்கள்? நான் பொய் சொன்னனான் எண்டா?"

"கிருமி இருக்கிற ஆக்களுக்கு நாங்க ஒரு வழியும் வைக்கேல்ல எண்டும் எழுதுவன்."

"அப்ப சரி." வெடித்த விரல்களால் பேனாவைப் பிடித்து, மெதுவாகக் கையொப்பம் வைத்தாள். "எல்லாத்தையும் எழுதுங்கோ. கடற்கரையில நான் இருந்ததையும்."

அஸ்மியா போனபின் அவள் கதிரையில் அப்படியே இருந்தாள். கீர்த்தனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தும் பதினொரு நாள் ஏன் பொறுத்தனி?"

மாதக்கணக்காகக் கீர்த்தனி இந்தக் கேள்விக்குப் பயந்திருந்தாள். "நீ சந்தோசமா இருந்தாய். இன்னும் கொஞ்சம் பாத்துக்கொண்டிருக்க ஆசையா இருந்தது."

பிரியங்கினி தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். பிறகு எழும்பி, பூசு மருந்துப் போத்தலைக் கொண்டுவந்து தங்கையின் கையில் கொடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவை. கீர்த்தனி பூசினாள். சில இடங்களில் தோல் கிழிந்திருந்தது. எரிந்திருக்கும். பிரியங்கினி அசையவில்லை.

"மெல்லமாப் பூசு," என்றாள் கடைசியில். "நாளைக்கு ஆஸ்பத்திரியில குளிசை குடிக்க நேரத்தோட போகவேணும்."