கிறகோரியின் ஒருசந்தி

பிடிவாதக்காரன் என்றால் கிறகோரிதான். இயக்கத்திடம் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், புரொஸ்டேட் ஒப்பரேசன் முடிந்து சிறுநீர்க் குழாயைக் கழற்றிய அன்றே தாதி படித்துப் படித்துச் சொன்னாள், நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி. கேட்டால்தானே! இருமினால் சொட்டு, குனிந்தால் சொட்டு. குடிப்பதால்தானே ஒழுகுகிறது என்று தன்பாட்டில் முடிவுகட்டித் தண்ணீரைக் குறைத்துவிட்டார். ஆறு மாதத்தில் சரிவரும் என்றார்கள். எட்டாம் மாதமும் பழைய சாரத்தைக் கிழித்து உள்ளே மடித்து வைத்துக்கொண்டுதான் திரிந்தார். மனைவி மரியமலரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கரைவலைக்கு முப்பது பேரை அதட்டி வேலை வாங்கிய சம்மாட்டி அல்லவா, வெளியே தெரிந்தால் செத்துவிடுவேன் என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலம் வந்தது. மீன்வாடியில் பிளேன்ரீ நீட்டினாலும் வேண்டாம் என்றார். முல்லைத்தீவுக் கரையில் அதற்கு ஒரே அர்த்தந்தான்: மனுசன் கடும் ஒருசந்தி நோன்பு பிடிக்கிறார். சனம் மரியாதையாக வழிவிட்டது. கிறகோரியும் இல்லையென்று சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னால், அது அவருக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

கோவில் மூப்பர் ஸ்ரனிஸ்லஸ் வீடு தேடி வந்தார்.

"பெரிய வியாழனுக்குச் சுவாமியார் கால் கழுவப் பன்னிரண்டு பேர் வேணும். உங்களை விட்டா ஆர் அண்ணை? பச்சைத்தண்ணிகூடப் பல்லில படாமல் இருக்கிறியள்."

"எனக்கு ஏலாது தம்பி."

"கதிரையில இருக்கிறதுதானே, ஏன் ஏலாது?"

ஏன் என்று எந்த வாயால் சொல்வது? ஓம் என்றுவிட்டார்.

பெரிய வியாழன் அன்று வெள்ளை வேட்டிக்குள் மூன்று துணி வைத்தார். ஏழாவது கதிரை அவருக்கு. சுவாமியார் முதலாவது ஆளின் காலில் தண்ணீர் ஊற்றிய சத்தத்திலேயே இவருக்குக் கசியத் தொடங்கிவிட்டது. தண்ணீர் குடியாத உடம்பில் சிறுநீர் குறையும், ஆனால் நாற்றம் ஏறும். அதை அவர் யோசிக்கவேயில்லை, பாவி மனுசன். பக்கத்தில் இருந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"காலை நீட்டுங்கோ ஐயா" என்றார் சுவாமியார்.

நீட்டினார். அடக்கிவைத்தது அத்தனையும் போனது. வேட்டி மஞ்சளாக நனைந்து, கதிரையால் வழிந்தது. சுவாமியாரின் கை செம்போடு அப்படியே நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிறகோரி எழுந்து, ஒருவரையும் பாராமல் நடுவழியால் வெளியே நடந்தார். மரியமலர் முன்னால் போய், முக்காட்டை உருவிக் கதிரையைத் துடைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.

வீட்டில், குசினி வாசலில் அவர் ஈரவேட்டியோடு குந்தியிருந்தார். அவள் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"குடியுங்கோ."

"வேண்டாம்."

"இனி ஆருக்கப்பா ஒளிக்கிறது? குடியுங்கோ."

வாங்கினார். அழுதுகொண்டே முழுவதையும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் தா" என்றார்.