ஆரஞ்சுத் தொப்பியும் நாலு அளவும்

தொப்பிக் கடையில் வேலை பார்க்கிறவனுக்குப் பொய் சொல்ல வராது என்றால் அந்தக் கடை ஈ ஓட்ட வேண்டியதுதான். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். டேப்புக்கு மட்டும் தெரியாது. கழுத்தில் எந்நேரமும் அளவு டேப் தொங்கும், அதனால் கடையிலும் தெருவிலும் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. யார் வந்தாலும் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து நெற்றி, கன்னம், தாடை, முகத்தின் நீளம் என்று நாலு அளவு எடுப்பான். துண்டுச் சீட்டில் எழுதுவான். வட்ட முகமா, உச்சி உயர்ந்த தொப்பி. நீள முகமா, உச்சி தாழ்ந்து விளிம்பு அகன்றது. சேர்ந்தால் சேர்கிறது என்பான், சேராவிட்டால் சேரவில்லை என்பான். அதற்கு மேல் ஒரு தேன் துளி அவன் வாயிலிருந்து சொட்டாது. ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவரை அளந்து முடித்து, சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்து, "சார், நீங்க குடை வாங்கிக்கிறதுதான் நல்லது" என்று சொல்லி அனுப்பிவிட்டான். முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை.

அப்படியும் அவனை வேலையை விட்டுத் தூக்காததற்குக் காரணம் உண்டு. இவன் "சேருது" என்று சொன்ன ஒருவர், அடுத்த வாரம் மாமியார், மச்சான், கொழுந்தியாள் என்று ஒரு பட்டாளத்தையே கூட்டிக்கொண்டு வந்து நிற்பார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப்போனார்.

அன்று காலை பதினொரு மணிக்கு அவனுடைய போன் அடித்தது. பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். அவளும் இவனும் இரண்டு வருஷமாகப் பழகுகிறார்கள். கட்டினால் அவளைத்தான் என்று இவன் இருக்கிறான், அவளும் அப்படித்தான். வீட்டில் போன வாரம்தான் வாயைத் திறந்திருக்கிறாள்.

"அம்மா உன்னைப் பாக்கக் கிளம்பிட்டாங்க. யாருன்னு சொல்லாம வந்து பாக்கறாங்களாம். நீயும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

"எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?"

"தெரியாமப் போகாது. ஆரஞ்சு கலர்ல, உயரமா ஒரு தொப்பி. அப்பா வாங்கிக் கொடுத்தது. முப்பது வருஷமா அதே தொப்பிதான். பிஞ்சா தச்சுப் போடுவாங்க. அதைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லிடாதே, ப்ளீஸ்."

"நல்லா இல்லைன்னா?"

"நல்லா இல்லைதான்! ஆனா அதை நீயா சொல்லணும்? பொய்யும் சொல்லிடாதே, அம்மாவுக்குப் பொய் சொன்னா மூக்குலயே தெரிஞ்சுடும். அவங்க வேணாம்னு சொல்லிட்டா அவ்வளவுதான். அப்பாவுக்கு எங்க வீட்ல வாயே கிடையாது."

"பொய்யும் கூடாது, நிஜமும் கூடாதுன்னா நான் என்னதான் பேசறது?"

"வாயை மூடிட்டு இரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இதைவிட நல்ல யோசனை உலகத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. என்ன, கேட்க வேண்டியவன் கேட்க வேண்டுமே.

பதினொன்றே முக்காலுக்குத் தொப்பி வந்தது. முதலில் தொப்பிதான் வந்தது, அதற்குக் கீழே அந்தம்மா வந்தார். கதவு நிலையில் இடிக்காமல் இருக்கக் குனிந்து நுழைந்தார். பழகிய குனிவு. எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்து பெஞ்சில் கணவர் உட்கார்ந்துகொண்டார். கடைகளில் நின்றால் அவருக்குக் கால் வலிக்குமாம்.

டேப்பு முகத்தைப் பார்த்தான். நல்ல நீள முகம் அந்தம்மாவுக்கு. அதன் மேல் இந்த உயரம்!

அந்தம்மா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, நேராக விஷயத்துக்கு வந்தார். "இந்தத் தொப்பி எனக்கு எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா உழைச்ச துணிங்க."

"துணியைக் கேக்கல."

"தையல்கூட நல்ல தையல்..."

"அது நான் போட்ட தையல். தொப்பி என் முகத்துக்கு எப்படி இருக்கு?"

முதலாளி கல்லாவிலிருந்து இருமினார். அவருக்குக் கல்யாண விஷயம் எதுவும் தெரியாது, ஆனால் டேப்பு வாயைத் திறக்கும் நேரம் எது என்று தெரியும். டேப்பு கண்ணாடியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தன் செருப்பைப் பார்த்தான். எங்கேயும் உதவி இல்லை.

"சேரலைங்க" என்றான். "உங்க முகமே நீளம். இது மேல இன்னொரு முகத்தைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான். இரண்டு வருஷம், ஒரே வாக்கியத்தில்.

அந்தம்மா கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எங்க, உங்க நாலு அளவை எடுங்க" என்றார்.

எடுத்தான். தாடையை மட்டும் இரண்டு தடவை அளந்தான். பிறகு உள் அலமாரியிலிருந்து ஒரு தொப்பி கொண்டுவந்தான். காப்பிக்கொட்டை நிறம், உச்சி தாழ்வு, விளிம்பு அகலம், முன்பக்கம் லேசாக இறங்கியது. அதைத் தலையில் வைத்து, இடது பக்கம் ஒரு விரல் அளவு சாய்த்துவிட்டு, விலகி நின்றான்.

அந்தம்மா பார்த்தார். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். தன் கன்னத்தைத் தானே தொட்டுப் பார்த்தார். அழகாக இருந்தார், அதில் மறு பேச்சே இல்லை. முதலாளியே எழுந்து நின்றுவிட்டார்.

"சேருது" என்றான் டேப்பு.

"இருங்க, அவர்கிட்டக் காட்டிட்டு வந்துடறேன்" என்று அந்தம்மா புதுத் தொப்பியோடு வெளியே போனார். பழைய வழக்கத்தில் கதவு நிலையில் குனிந்துதான் போனார். ஆரஞ்சுத் தொப்பி மேசையிலேயே இருந்தது.

கடைக் கண்ணாடி வழியாக டேப்பு பார்த்துக்கொண்டிருந்தான். அந்தம்மா தெருவைக் கடந்து, கணவருக்கு நேர் எதிரே போய் நின்று, தலையை லேசாகச் சாய்த்துக் காட்டினார். கணவர் தலையை ஒரு பக்கமாக வளைத்து, மனைவியைத் தாண்டிக் கடை வாசலைப் பார்த்தார். அந்தம்மா இரண்டடி நகர்ந்தார். கணவர் இந்தப் பக்கம் வளைந்து கடை வாசலைப் பார்த்தார். அந்தம்மா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவர் மரியாதையாகத் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. இரண்டு பேரும் கடை வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னப்பா நடக்குது அங்க?" என்றார் முதலாளி. டேப்பு கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கடைசியில் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார். தெருவைக் கடந்து கடைக்குள் வந்தார். குட்டையான மனிதர், வட்ட முகம், நல்ல மூக்குக்கண்ணாடி. "என் வீட்டுக்காரி உள்ள வந்தா, ஆரஞ்சுத் தொப்பி..." என்றவர் மேசைமேல் இருந்த தொப்பியைப் பார்த்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியை எடுத்து அதற்குள்ளே பார்த்தார், அங்கே இருப்பாள் என்பது போல. "ஐயோ, அவ எங்க? என்ன ஆச்சு அவளுக்கு?"

"இங்கதான் இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

திரும்பினார். "நீயா? எப்ப வந்தே?"

"உங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். பை எடுத்து இடம் விட்டீங்களே, தேங்க்ஸ்." அந்தம்மாவின் குரல் தட்டையாக இருந்தது. "முப்பது வருஷமா நீங்க என் முகத்தையே பாக்கலை. இந்த ஆரஞ்சைத்தான் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க. கண்ணாடி வேற போன மாசம்தான் மாத்தினீங்க!"

பாவம், அந்த மனிதர் நின்ற இடத்திலேயே குறுகிப்போனார். "கல்யாணமான புதுசுல ரயில்வே ஸ்டேஷன்ல உன்னைத் தொலைச்சேனே, மூணு மணி நேரம். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறுநாளே போய், எவ்வளவு கூட்டத்துலயும் தெரியற மாதிரி ஒண்ணு வாங்கினேன். நல்லா இருக்கான்னு போட்டுப் பாத்துத்தான் வாங்கினேன்."

"யார் தலைல போட்டுப் பாத்தீங்க?" என்றான் டேப்பு. கேட்டிருக்கக் கூடாது, ஆனால் தொழில் அவனை விடவில்லை.

"என் தலைலதான். வேற யார் தலை இருந்துச்சு அங்க?"

டேப்பு ஆரஞ்சுத் தொப்பியை வாங்கி அவர் தலையில் வைத்தான். வட்ட முகம், உயர்ந்த உச்சி. முகம் அளவாக நீண்டு, கழுத்துகூட வந்துவிட்டது. அளந்து செய்தாலும் இவ்வளவு பொருந்தாது.

"சேருது" என்றான்.

அந்தம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கிக்கொண்டார். "இனிமே நீங்களே போட்டுக்குங்க. நான் உங்களைக் கண்டுபிடிச்சுக்கிறேன்." பிறகு டேப்புவின் பக்கம் திரும்பினார். "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"வாசல்லயே தெரிஞ்சுடுச்சுங்க."

"அவ போன் பண்ணிட்டாளாக்கும். சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் பொண்ணு முகம் என்ன வடிவம்?"

முதலாளி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அவருக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது, இது இவன் தூக்கத்திலும் சொல்லக்கூடிய பதில் என்றும் விளங்கியது. தெருவில் போகிறவர்களைப் பார்த்தே வட்டம், சதுரம் என்று எண்ணுகிறவன் அல்லவா!

டேப்பு வாயைத் திறந்தான். அவள் முகத்தைக் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தான். மூக்குப் பக்கத்தில் இருக்கும் அம்மைத் தழும்பு தெரிந்தது. பல் டாக்டரிடமே வேலை பார்த்துக்கொண்டு, கோணல் பல்லைக் கையால் மறைத்துச் சிரிக்கிற சிரிப்பு தெரிந்தது. கோபம் வருவதற்கு முன்னால் இடது புருவம் மட்டும் ஏறுவது தெரிந்தது. நெற்றி எவ்வளவு, தாடை எவ்வளவு? தெரியவில்லை. அவனுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. முட்டை வடிவம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், பாதிப் பேருக்கு அதுதான்.

"தெரியலைங்க" என்றான்.

முதலாளி மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு வருஷமாப் பழகறீங்க. இதுதான் உங்க தொழிலே."

"ஆமாங்க. பாத்துக்கிட்டேதான் இருக்கேன். அளக்கணும்னு தோணினதே இல்ல."

அந்தம்மா அவன் கழுத்திலிருந்த டேப்பை மெதுவாக உருவி, சுருட்டி, மேசைமேல் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க" என்றார். "இதை இங்கயே வெச்சிட்டு வாங்க."