செப்புக் குடத்துத் தண்ணீர்

கூனி இறால்கள் கண்ணாடியில் முட்டி முட்டி நீந்தின. பிறகு ஒவ்வொன்றாகப் புரண்டன. முட்டை சுமந்த தாய்க் கூனி கடைசியில் செத்தது. குடம் இன்னும் என் கையில் இருந்தது.

ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் எனக்கு வேலை. துரை கண்ணாடிப் பெட்டியில் ஆறு ஓடைக் கூனிகளை வளர்த்தார். பெட்டிக்குள்ளேயே குஞ்சு பொரிக்கவைக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. தினமும் பூதக்கண்ணாடியில் பார்த்து நோட்டில் படம் வரைவார். நேற்று பதுளைக்குப் புறப்படும்போது, “மண்பானைத் தண்ணி மட்டும் ஊத்து. செம்பு வேணாம்” என்றார். காரணம் சொல்லவில்லை.

மழையில் ஓடை கலங்கி, காலையில் பிடித்த மண்பானைத் தண்ணீரும் சேறாக இருந்தது. எங்கள் கல்யாணச் செப்புக் குடத்தை என் மனைவி பாக்கியம் புளி போட்டு விளக்கி, ராத்திரியே தண்ணீர் நிறைத்து வைத்திருந்தாள். நாங்கள் குடிக்கிற தண்ணீர்தானே என்று ஊற்றினேன்.

எனக்கு முன்னிருந்த லிங்கம் இதே பெட்டியின் மூலையை உடைத்தவன். வேலையிலிருந்து விடுவிக்கும் துண்டுச் சீட்டைக் கொடுக்காமல் துரை விரட்டினார். துண்டு இல்லாதவனை எந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். பெரகல சந்தியில் கையேந்தி நின்று, அந்த மழைக்காலத்திலேயே செத்தான். என் பிள்ளை பிறந்து இருபது நாள்.

சமையல்காரன் சின்னராசா எட்டிப் பார்த்தான். “என்னா அழகரு, தொரை வீட்டு மகராணிங்க மல்லாந்து கெடக்குறாளுக?”

“சும்மா இருங்கண்ணே. மத்தியானம் வந்துருவாரு.”

“நான் சும்மாதான் இருப்பேன். பச்சப்புள்ளயத் தூக்கிக்கிட்டு நீதான் நடக்கணும்.”

பெட்டியைக் கவிழ்த்துக் கழுவினேன். மண்பானையில் அதற்குள் தெளிந்திருந்த தண்ணீரை ஊற்றினேன். ஓடைக்கரை வேர்களுக்கடியில் வேட்டியை விரித்து ஆறு கூனிகள் பிடித்தேன். ஒன்றுக்கு முட்டை இருந்தது. செத்த தாய்க்கு ஒரு மீசை ஒடிந்திருந்ததால், இதன் மீசையையும் நகத்தால் கிள்ளினேன். செத்தவற்றை இலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

துரை வந்தார். தொப்பியைக் கழற்றாமலே பூதக்கண்ணாடியை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். நோட்டைத் திறந்து என்னிடம் காட்டினார். படத்தில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

“முந்தாநாள் முட்டைக்கு கண்ணு இருந்துச்சு. இன்னைக்கு இல்லே. முட்டை திரும்பி சின்னதா ஆகுமா, அழகர்?”

மடியை அவிழ்த்து இலையை மேசையில் வைத்தேன். “செப்புக் குடங்க தொரை.”

அவர் கத்தவில்லை. “எத்தனை நிமிஷத்துலே செத்துச்சு?”

“தெரியலீங்க.”

“அப்போ பார்க்கணும். குடம் கொண்டு வா.”

“துண்டு இல்லாம அனுப்பிறாதீங்க தொரை. பச்சப்புள்ள இருக்குங்க.”

அவர் கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். “இதுக்கு நிறைய கூனி வேணும். நீ பிடிப்பே. கூனி இருக்கிறவரைக்கும் நீயும் இரு.”

நான் பிடித்து வந்த தாய்க் கூனியைக் கிண்ணத்தில் விட்டார். நான் குடத்தைச் சாய்த்தேன். தண்ணீர் விளிம்பில் தளும்பியது. ஓடைக்கரை வேர்களுக்கடியில் இன்னும் எத்தனை கூனி மிச்சம் இருக்கும் என்பதே மனதில் ஓடியது.

“சிந்தாதே” என்றார் துரை.