அம்பயருக்கு ஆள் இருக்கக்கூடாது

யுத்த காலத்து மயிலாப்பூரில் நடுநிலைமைக்கு விலை ஒரு கோலி சோடா. ஆட்டம் மூன்றாவது செட்டுக்குப் போனால் இரண்டு வாழைப்பழம் கூட வரும். பீர் முஹம்மது இரண்டு வருஷமாக இந்த விலைக்கு விற்று வந்தார். ஒரு தடவைகூட பேரம் பேசவில்லை. பாண்டி பஜாரில் பொத்தானும் லேஸும் விற்கிற ஒருவர் பேரம் பேசாமல் எதையாவது கொடுத்தார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் வேண்டும்.

வீட்டில் யாரும் இல்லை என்பதுதான் காரணம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியபோது, அவர் மனைவி சகினாவும் மகன் நூரும் வாணியம்பாடிக்கு ரயிலேறினார்கள். அங்கே சகினாவின் தம்பி காதர் இருந்தான். ஓடிப் போனவர்களில் பாதிப்பேர் அந்த வருஷமே திரும்பிவிட்டார்கள். ஜப்பான்காரனும் வரவில்லை, சகினாவும் வரவில்லை. மந்தைவெளி வீட்டில் பீர் முஹம்மது ஒரு தட்டில் சாப்பிட்டு, அதையே கழுவி, மறுநாளும் அதிலேயே சாப்பிட்டார். கடையில் நாள் பூராவும் பேச்சு. அதில் முக்காலும் "அசலுக்கே கட்டாதும்மா" என்கிற ரகம். கடையைப் பூட்டினால் நாக்குக்கும் பூட்டு.

அவரை வாலிபால் மைதானத்துக்கு இழுத்து வந்தவர் நல்லசிவம், மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றின் டிரில் மாஸ்டர். பனியனுக்குப் பொத்தான் வாங்க வந்தவர், பாதி விலைக்குக் கேட்டுத் தோற்று, சிநேகிதராகிப் போனார்.

மேட்ச் நடக்கும்போது நல்லசிவம்தான் ரெஃப்ரி. வலையின் ஒரு முனையில் மேஜைமேல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பந்தைப் பார்ப்பது அவர் வேலை. எதிர்முனையில் தரையில் நிற்கிற அம்பயருக்குப் பந்து கிடையாது. ஊரே பந்தின் பின்னால் கழுத்தைத் திருப்புகையில் அவர் மட்டும் வலையையே பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்: எவன் முழங்கை வலையில் பட்டது, எவன் கால் நடுக்கோட்டைத் தாண்டியது. கோட்டு மூலைகளில் கைக்குட்டையோடு நாலு பையன்கள். பாயிண்ட் எழுத ஒரு வாத்தியார். இதுதான் மொத்த தர்பார்.

ரெஃப்ரி ஒரு பள்ளிக்கூடத்து ஆள் என்றால் அம்பயர் வெளியாளாக இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. இரண்டு பள்ளியிலும் அவருக்கு மகன், மருமகன், அண்ணன் பிள்ளை என்று ஒரு ஜீவன் இருக்கக்கூடாது. ஆட்டம் தொடங்குமுன் இரண்டு கேப்டன்களுக்கும் நடுவில் நின்று அதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

"இந்த ரெண்டு ஸ்கூல்லயும் எனக்கு யாரும் இல்லை."

கேப்டன்கள் "சரி" என்பார்கள். அப்புறம்தான் விசில். மயிலாப்பூர் முழுக்கத் தேடினாலும் இந்தத் தகுதி இவ்வளவு பூர்த்தியாக உள்ளவர் வேறு கிடைக்கமாட்டார் என்று நல்லசிவம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். பீர் முஹம்மதுவும் சிரித்துவைப்பார். சனிக்கிழமை தோறும் சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் அவர் வாயில் ஒரு பொத்தானைப்போல் வழவழப்பாகிவிட்டிருந்தது.

அந்த ஆடி மாதம் காதர் மூலம் சகினா ஒரு வார்த்தை சொல்லியனுப்பினாள். நூருக்கு நல்ல ஸ்கூலில் இடம் கிடைத்தால் வந்துவிடுகிறேன் என்றாள். பீர் முஹம்மது அன்றைக்கே நல்லசிவத்தைப் பிடித்தார். நல்லசிவம் ஹெட்மாஸ்டரைப் பிடித்தார். மயிலாப்பூருக்கும் அடையாற்றுப் பள்ளிக்கும் ஃபைனல் நடக்கிற சனிக்கிழமை, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே நல்லசிவம் சொன்னார்:

"பாய், ஜோலி முடிஞ்சுது. திங்கக்கிழமை பையனைக் கூட்டிட்டு வாரும். முதல் பாரத்துல ஒரு இடம் வச்சிருக்கு."

இடம் கேட்டிருப்பதாக இவர் எழுதியதற்குப் பதிலாக, அதே திங்கட்கிழமை காலை வண்டியில் சகினாவையும் நூரையும் கூட்டி வருவதாகக் காதர் தந்தி அடித்திருந்தான். பீர் முஹம்மது சோடாவைக் கீழே வைத்தார்.

கேப்டன்கள் வந்து நின்றார்கள். மயிலாப்பூருக்கு வேம்பு, அடையாற்றுக்கு அம்மாசி, ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் படிக்கிறவன், வலைக்கு மேலே அரை ஆள் எழும்புவான்.

பீர் முஹம்மது வாயைத் திறந்தார். வழக்கமான வாக்கியம் வரவில்லை.

"எனக்கு ஆளு கீது," என்றார். குரல் மைதானத்தின் மறுகோடிக்குக் கேட்டது. "இந்த மயிலாப்பூர் ஸ்கூல்ல. எம் பையன்."

நல்லசிவம் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாய், திங்கக்கிழமைதானய்யா சேருதான்! இன்னைக்கு என்ன?"

"இன்னிக்கே கீறான், மாஸ்டர்."

"நாங்க ஒண்ணும் சொல்லமாட்டோம், மாமா," என்றான் வேம்பு. "நீங்களே நில்லுங்கோ."

"நீ நில்லு பாய்," என்றான் அம்மாசியும். "பெத்த புள்ளயா இருந்தாலும் நீ விசில் வுடுவ. எங்களுக்குத் தெரியாதா?"

அவர் கேட்கவில்லை. கடையில் சரக்கு மூட்டை வந்து இறங்காமல் "இருக்கு" என்று சொல்லியறியாத மனிதர் அவர். இங்கே சொல்லிவிட்டார், சொன்ன ருசி விடவில்லை. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். கோப்பையோடு குரூப் படம் எடுக்க வந்த போட்டோக்காரருக்கு இரண்டு பள்ளியிலும் யாரும் இல்லை என்று தெரிந்து, விசிலை அவர் கழுத்தில் மாட்டினார்கள். பீர் முஹம்மது போய் மயிலாப்பூர்ப் பெற்றோர்களின் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"உங்க பையன் எந்த க்ளாஸ்?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"முதல் பாரம். படிப்புல கெட்டி. கொஞ்சம் வாய் ஜாஸ்தி," என்றார் பீர் முஹம்மது. இரண்டு வருஷமாகக் கண்ணால் பாராத பையனுக்கு வாய் ஜாஸ்தியா கம்மியா என்று அவருக்குத் தெரியாது. பக்கத்திலிருந்தவர் தலையாட்டி வெற்றிலை நீட்டினார். இவரும் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது செட். மயிலாப்பூர் பதினாலு, அடையாறு பதின்மூன்று, சர்வீஸ் அடையாற்றுக்கு. அம்மாசி எழும்பி அடித்தான். வேம்பு எழும்பித் தடுத்தான். பந்து அடையாற்றுப் பக்கம் விழுந்தது. ஆனால் வேம்புவின் முழங்கை வலையைத் தொட்டிருந்தது. கயிறு ஒரு துடி துடித்தது. போட்டோக்காரர், எல்லாரையும்போல, பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீர் முஹம்மதுவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. அங்கே விசில் இல்லை. எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்; ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். பெஞ்சு முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்தவர் இவர் தோளைத் தட்டி, "நம்ம பசங்க பாய்!" என்றார். பீர் முஹம்மதுவும் கைதட்டினார். அடையாற்றுக்கு வரவேண்டிய பாயிண்ட் வரவில்லை. சர்வீஸ் போடுகிறவனுக்குத்தான் பாயிண்ட் என்பது அந்தக் காலத்துச் சட்டம்; சர்வீஸ் மட்டும் கைமாறியது. அடுத்த பந்தில் மயிலாப்பூர் பதினைந்து, ஆட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை காலை சென்ட்ரல் ஸ்டேஷனில் காதர் தனியாக இறங்கினான். கையில் ஒரு கூடை மாம்பழம்.

"மத்தவங்க எங்க?"

"கோவிச்சுக்காதீங்க மச்சான். தந்தி அடிச்சப்புறம் அக்கா மனசு மாறிடுச்சு. சண்டை முடியட்டும்னு சொல்லுது."

"ஸ்கூல்ல சீட்டு கேட்டா. வாங்கிட்டேன்."

"சீட்டு சரி. குண்டு வுழுந்தா ஸ்கூலு நிக்குமா?"

"நா இங்கதானே கீறேன்? எம் மேல வுழுந்துச்சா?"

"அதான் அக்காவும் கேக்குது. கடைய யாருக்காச்சும் குடுத்துட்டு நீங்க அங்க வந்துட்டா இன்னான்னு."

பீர் முஹம்மதுவுக்கு இந்த ரகம் பழக்கம்தான். கேட்ட விலைக்கே கொடுக்கிறேன் என்றதும் அடுத்த கடைக்கு நடந்துவிடுகிறவர்களை அவர் தினம் பார்க்கிறார். "கடைய வுட்டு எப்படி வர்றது?" என்றார். வாணியம்பாடிக்குக் குறைந்து அவள் விலை இறங்கமாட்டாள். பாண்டி பஜாருக்குக் குறைந்து அவரும் இறங்கமாட்டார். மாம்பழக் கூடையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் பாரத்தின் இடத்தை வியாழக்கிழமை வேறொரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தோற்ற பள்ளி கேட்டால் மறுவாரம் ஒரு ரிடர்ன் மேட்ச் ஆடுவது வழக்கம். அடையாறு கேட்டது. சனிக்கிழமை நல்லசிவம் விசிலை நீட்டினார். பீர் முஹம்மது மாட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்தார்.

"இந்த ரெண்டு ஸ்கூல்லயும் எனக்கு யாரும் இல்லை."

வேம்பு தரையைப் பார்த்து "சரி" என்றான். அம்மாசி தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தான்.

"இன்னா பாய், போன வாரம் ஒருத்தன் இருந்தானே?"

"வரலப்பா." குரலைத் தாழ்த்தினார். "அம்மாசி, அன்னிக்கு வலையில கை பட்டுச்சு. நா பாத்தேன்."

"நீ பாத்தத நானும் பாத்தேன். ஒங் கை மார்ல விசில தேடிச்சே."

"அப்ப ஏன்டா கத்தல?"

"ரெண்டு வருசமா நின்னுகினே கீற. அன்னிக்கு ஒரு நாளு தான் நாலு பேரோட ஒக்காந்துகினு இருந்த," என்றான் அம்மாசி. பிறகு பல்லைக் காட்டினான். "சும்மா வுட்டேன்னு நெனைக்காத. கணக்குல வச்சிக்க பாய். சரி, ஊது."

அவர் தன் முனைக்குப் போய் நின்றார். வெற்றிலை கொடுத்தவர் பெஞ்சிலிருந்து கையசைத்தார். ஆட்ட நேரத்தில் அம்பயர் கையசைக்கக்கூடாது. பந்து எழும்பியது, எல்லாத் தலையும் அதன் பின்னால் திரும்பியது. பீர் முஹம்மது வலையைப் பார்த்தார். அடையாற்றுக்குத் தரவேண்டியது ஒரு பாயிண்ட். மயிலாப்பூருக்குத் தரவேண்டியது ஒரு பையன். இரண்டும் பாக்கி.