சட்டைப் பையில் இருந்த மாத்திரை

அப்பா லாரி ஓட்டியவர். ஒருமுறை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனபோது, வண்டியை மணல்மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, நிதானமாக ஒரு டீ குடித்த பிறகுதான் முதலாளிக்குத் தகவல் சொன்னாராம். அப்படிப்பட்டவர், புற்றுநோய்க்கான மூன்றாவது கீமோ முடிந்த பிறகு குளியலறைக்குப் போய்வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உதடு வெளுத்துப்போய், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"என்னப்பா பண்ணுது?" என்று மகள் ஓடிவந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. மேட்டுல லோடு வண்டி மெதுவாத்தான் ஏறும்."

மகளுக்கு அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. அம்மா காலமாகிவிட்டதால் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள்தான் லீவு போட்டு வந்திருந்தாள். கை கழுவாமல் அவரைத் தொடமாட்டாள். இருமலோடு வந்த பக்கத்து வீட்டுக்காரரை வாசலோடு அனுப்பி, அவருடைய மனத்தாங்கலையும் சம்பாதித்துக்கொண்டாள். உடம்பு சுட்டால் உடனே கூட்டி வர வேண்டும், வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். அடக்கினால் உள்ளே கிருமி பரவுவது வெளியே தெரியாதாம்.

தெர்மாமீட்டர் காய்ச்சல் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் அன்று காலை அவர் கழற்றிப்போட்ட பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. துவைப்பதற்காகச் சட்டையை உதறினாள். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. காய்ச்சல் மாத்திரை. பாதிக்கு மேல் காலி.

"இது என்னப்பா?"

"தலைவலிக்கு."

"எப்பலேர்ந்து தலைவலி?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என்கிட்டயே மறைக்கிறீங்களா? நான் என்ன, பொழுதுபோகாமயா தெர்மாமீட்டரும் கையுமா அலையுறேன்?" குரல் உடைந்து உயர்ந்தது.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, "கண்ணாடிக்காரரும் காய்ச்சல்னுதான் போனாரு" என்றார்.

கீமோ அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கு அப்பா வைத்த பெயர் அது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார். கையில் ஊசியோடு இருவரும் சீட்டாடுவார்கள். போன தடவை அந்த நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். விசாரித்தபோது, "காய்ச்சல்னு அட்மிட் பண்ணாங்க…" என்று சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்துவிட்டாள்.

"நடந்துதான் போனாராம்மா. காய்ச்சல்னு போனா நானும் திரும்பி வரமாட்டேன்னு மனசுல விழுந்துருச்சு. அதான்…"

மகளின் கோபம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அவருக்கு என்ன ஆச்சுன்னு நமக்கு முழுசாத் தெரியாதுப்பா. ஒருவேளை அவரும் பயந்துக்கிட்டு லேட்டாப் போனாரோ என்னவோ. எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் கூடவே இருப்பேன். போலாம்ப்பா."

அவர் கட்டிலில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, "அந்த நீலச் சட்டையை எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை விஷயத்தை மகள் சொன்னபோது, டாக்டரம்மா திட்டவில்லை. "இப்பவாவது வந்தீங்களே" என்றபடி நாடி பிடித்துப் பார்த்தார். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தன. கிருமியைத் தடுக்க உடம்பில் ஆளே இல்லை. எந்தக் கிருமி என்று தெரியும்வரை காத்திருக்காமல், கிருமி எதிர்ப்பு மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கினார்கள்.

மாத்திரையின் வேகம் தணிந்ததும் ஒளிந்திருந்த காய்ச்சல் வெளியே வந்தது. கட்டிலே ஆடும்படி குளிர் உலுக்கியது. அப்பா மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். வலித்தது. அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் மருந்தை மாற்றினார்கள். அதன் பிறகுதான் காய்ச்சல் படிப்படியாக இறங்கியது.

ரத்தசோகைக்கு ஒரு பை ரத்தம் ஏற்றினார்கள். குழாயில் சிவப்பு இறங்குவதை அப்பா உற்றுப் பார்த்தார்.

"யாரு ரத்தமோ! ரோடு தெரிஞ்ச ஆளா இருந்தா நல்லாருக்கும்."

"சொன்ன பேச்சு கேக்குற ஆளா இருந்தா எனக்குப் போதும்" என்றாள் மகள்.

பை மாட்டிய நர்ஸ் முகக்கவசத்துக்குள் சிரித்தாள்.

மறுநாள் அவர் நகக்கண்களில் லேசாக ரோஸ் நிறம் தெரிந்தது. பசிக்கிறது என்றார். மகள் வெளியே போய், வராந்தாச் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது அடுத்த கீமோவைத் தள்ளிவைத்திருந்தார்கள். மருந்தின் அளவையும் குறைப்பதாகச் சொன்னார்கள். காரில் ஏறி உட்கார்ந்த அப்பா, "அடுத்த ஊசிக்கு வரணும்ல?" என்றார்.

"வரணும். பயமா இருக்காப்பா?"

"இருக்கத்தான் செய்யுது." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார். "பின் சீட்டு காலியாத்தானே கெடக்கு? பயமும் அதுல ஏறி வரட்டும்."