நாற்பது நாள் சோளம்

ஜஸ்வந்திக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. கணவர் ரமணிக்லால் சூரத்தில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருமலே இல்லாமல் இருந்தார். அகமதாபாத் திரும்பிய மறுநாளே சோள மூட்டையோடு வாசலில் நின்றார்.

"இது எதுக்கு?"

"வேண்டுதல். இருமல் நின்னா நாப்பது நாள் புறாவுக்குத் தீனி போடறேன்னு அம்பா மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டேன். நின்னுடுச்சில்ல?"

இருமலுக்குக் காரணமே அந்தப் புறாக்கள்தான். எச்சமும் இறகுத் தூசியும் மூச்சோடு போய், ஒவ்வாமையில் நுரையீரல் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் படம் வைத்துக் காட்டியிருந்தார். "பெரியவரே, புறா பக்கமே போகாதீங்க. நுரையீரல் இறுகிப் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." ரமணிக்லாலும் சமர்த்தாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும், "சின்னப் பையன், என்ன தெரியும்? நான் முப்பது வருஷமா போடறேன்," என்றார்.

"சூரத்துல மக வீட்டுப் பக்கம் புறா கிடையாது, அதான் நின்னுச்சு!" என்று கத்தினாள் ஜஸ்வந்தி.

"அந்த ஊர்த் தண்ணி அப்படி."

"இப்பதானே அம்பா மாதான்னீங்க?"

மனிதர் காதிலேயே வாங்கவில்லை. தினமும் மொட்டை மாடியில் தீனி. ஒரு வாரத்தில் இருமல் திரும்பியது. பன்னிரண்டாம் நாள் நடுப்படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கினார். கீழே வந்து சொன்னார்: "தீனி பத்தல போல. எண்பது நாளாக்கிடறேன்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனிதர் செத்துப்போவார், அதையும் புண்ணியம் என்று சொல்லிக்கொண்டே சாவார். டாக்டர் பேச்சு ஏறாத மண்டையில் வேறு எது ஏறும்?

மறுநாள் ஒரு தட்டுதான் வைத்தாள்.

"உனக்கு?"

"நானும் நேர்ந்துக்கிட்டேன். நீங்க புறாவுக்குப் போடற நாள்ல எனக்குச் சாப்பாடு இல்ல."

"பைத்தியமா உனக்கு? சர்க்கரை இருக்கு, மயக்கம் போட்டு விழுவே!"

"வேண்டுதலாச்சே. மீறலாமா?"

ரமணிக்லால் இருமிக்கொண்டே சோளத்தோடு மாடி ஏறினார். நேர்ச்சையை மீறச் சொல்வது அவருக்குப் பாவம். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், சோளக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"பாக்கி நாளுக்கு மாதாவுக்கு என்ன பதில் சொல்றது?"

"நான் பேசிக்கறேன். அவளும் ஒருத்தரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறவதானே."